அரைத்த மாவை யார் அரைப்பது?

ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில் மரம் வெட்டுவதும் ஒரு திறன். வெட்ட வெட்ட அனுபவப் புள்ளிகள் சேரும். புள்ளிகள் சேரச் சேர நிலை உயரும். 99-ஆம் நிலையைத் தொட மொத்தம் 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். 60-ஆம் நிலையில் யூ மரத்தை வெட்டும் தகுதி வருகிறது. ஒரு யூ கட்டைக்கு 175 புள்ளி. அங்கிருந்து உச்சம்வரை யூ மரத்தையே வெட்டிக்கொண்டு போகிறவர் ஏறத்தாழ 72,900 கட்டைகளை வெட்டியாக வேண்டும். 92-ஆம் நிலைக்கு வந்தவர் இன்னும் ஏழே படிகள்தான் என்று மூச்சு விடலாம். புள்ளிக் கணக்கில் அவர் கடந்திருப்பது பாதி வழிதான். இத்தனைக்கும் முதல் கட்டையிலிருந்து கடைசிக் கட்டைவரை ஆட்டக்காரரின் கைவேலை மாறுவதே இல்லை. மரத்தைச் சொடுக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், பை நிறைந்ததும் காலிசெய்துவிட்டு மறுபடி சொடுக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் இதை 'கிரைண்டிங்' என்கிறார்கள். அரைத்த மாவையே அரைப்பது என்று நாம் சொல்வதும் இதைத்தான். அந்த மாவை ஆள்தான் அரைக்க வேண்டுமா, கணினியே அரைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா என்பது இணைய விளையாட்டுகளில் கால் நூற்றாண்டாகத் தீராத வழக்கு. விட்டுவிடலாம் என்பதே இக்கட்டுரையின் கட்சி. ஆனால் எதை விடுவது, எதை விடக்கூடாது என்பதில் கறாராக இருந்தால்தான் அந்தக் கட்சி நிற்கும்.

இதில் கற்பவர்கள் இரண்டு பேர் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவர் திரைக்கு இப்பால் இருக்கும் மனிதர். மற்றவர் திரைக்குள் இருக்கும் கதாபாத்திரம். மனிதர் கற்கும் விதத்தை உளவியலாளர்கள் நெடுங்காலமாக அளந்து வந்திருக்கிறார்கள். ஆலன் நியூவெல், பால் ரோசன்புளூம் இருவரும் 1981-இல் பலவகைப் பயிற்சித் தரவுகளைத் தொகுத்துக் காட்டிய வளைகோடு புகழ்பெற்றது: தொடக்கத்தில் முன்னேற்றம் மளமளவென்று வரும், போகப்போக அதே அளவு முன்னேற்றத்துக்குப் பல மடங்கு பயிற்சி வேண்டும். கதாபாத்திரத்தின் கற்றலோ வடிவமைப்பாளர் எழுதிவைத்த ஒரு வாய்ப்பாடு. சதுரங்கத்தில் கற்பவர் மனிதர் மட்டுமே; ராஜா, ராணிக் காய்களுக்கு அனுபவப் புள்ளி கிடையாது. இணையப் பாத்திர விளையாட்டுகளில் இரண்டு கற்றலும் ஒன்றாகத் தொடங்குகின்றன. சில மணி நேரத்தில் மனிதர் கற்க வேண்டியதைக் கற்று முடிக்கிறார்; கதாபாத்திரம் மட்டும் மாதக்கணக்கில் கற்றுக்கொண்டே இருக்கிறது. அந்த இடைவெளிதான் அரைத்த மாவு.

1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன் இந்த இடைவெளியை முதலில் பெரிய அளவில் வெளிச்சம்போட்டுக் காட்டியது. எதைச் செய்கிறாயோ அதில் தேர்வாய் என்பது அதன் விதி. வாள் வீசினால் வாள்வீச்சு வளரும், தைத்தால் தையல் வளரும். ஒரு திறனுக்கு உச்சம் 100, எல்லாத் திறன்களுக்கும் சேர்த்து 700. கேட்க நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஆட்டக்காரர்கள் மேக்ரோ எழுதத் தொடங்கினார்கள்; ஒரே செயலை இரவெல்லாம் திரும்பத் திரும்பச் செய்யும்படி கணினிக்குச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்கள். அந்த விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த ராஃப் காஸ்டர் பின்னர் 2004-இல் எழுதிய நூலில் முன்வைத்த கருத்து இங்கே பொருந்தும்: விளையாட்டில் இன்பம் என்பது ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்துக் கற்பதில் இருக்கிறது, கற்று முடிந்த கணத்தில் சலிப்பு தொடங்குகிறது. இப்படிப் பார்த்தால் மேக்ரோ எழுதியவர் விளையாட்டிலிருந்து ஓடிப்போகவில்லை. அதில் கற்க மிச்சமிருந்த ஒரே விஷயமான மேக்ரோ எழுதுவதைக் கற்றுக்கொண்டார்.

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் இது வழக்குமன்றம்வரை போனது. கிளைடர் என்ற மென்பொருள், ஆள் இல்லாமலேயே கதாபாத்திரத்தைத் தொடக்க நிலைகளில் ஏற்றிக்கொடுத்தது. 2008 செப்டம்பர்வரை அதற்கு 1,20,000 உரிமங்கள் விற்று, 35 லட்சம் டாலர் வருவாய் வந்திருந்தது. விளையாட்டை நடத்திய பிளிசார்டு நிறுவனத்துக்கு 2004 டிசம்பர் முதல் 2008 மார்ச்வரை, ஆளுக்குப் பதிலாக ஆடும் இத்தகைய மென்பொருள்களான 'பாட்கள்' பற்றி வந்த புகார்கள் 4,65,000. இந்த எண்கள் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பில் பதிவாகியுள்ளன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். லட்சத்துக்கு மேல் உரிமங்கள் விற்ற தானியங்கியை ஒரு சிறு கூட்டத்தின் ஆசை என்று சொல்ல முடியாது; அது பரவலான தேவை. அதே விளையாட்டின் மக்கள்தான் அடுத்தவர் கையில் அதைக் கண்டபோது கொதித்தார்கள். கொதிப்புக்குக் காரணம் தானியங்கி என்பதைவிட, சிலருக்கு மட்டும் திருட்டுத்தனமாகக் கிடைத்த தானியங்கி என்பதே. எல்லோருக்கும் ஒரே அளவில், விதிப்படியே கிடைத்தால் கொதிப்பின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

உழைக்காமல் கிடைப்பதை உயிர்கள் விரும்பாது என்று ஓர் ஆட்சேபம் எழும். அறிவியலில் அதற்கு வலுவான சான்றும் இருக்கிறது. கிளென் ஜென்சன் 1963-இல் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். கிண்ணத்தில் தீனி சும்மா கிடந்தது. அதே தீனி, நெம்புகோலை அழுத்தினாலும் விழும். பல எலிகள் கிண்ணத்தை விட்டுவிட்டு நெம்புகோலை அழுத்தித் தின்றன. புறா, குரங்கு எனப் பல விலங்குகளிடமும் பின்னர் இதைப் பார்த்தார்கள். வீட்டுப் பூனை மட்டும் பெரும்பாலும் சும்மா கிடைப்பதையே தின்கிறது. இந்த ஆய்வுகளை மேலோட்டமாகப் படித்தால் கிரைண்டிங்குக்கு ஆதரவாகத் தோன்றும். ஆனால் கூடுதல் விவரங்கள் வேறு கதை சொல்கின்றன. உழைப்பின் அளவு கூடக்கூட விலங்குகளின் இந்த விருப்பம் குறைகிறது. பசி மிகுந்தாலும் குறைகிறது. இதற்கு இங்கிலிஸ் முதலிய ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம், விலங்கு உழைப்பது உணவுக்காக மட்டும் இல்லை, தகவலுக்காகவும்தான் என்பது. நெம்புகோல் எப்போது, எப்படித் தீனி தருகிறது என்று அறிந்துவைத்தால் நாளை கிண்ணம் காலியானாலும் பிழைத்துக்கொள்ளலாம். அதாவது உயிர்கள் நாடுவது உழைப்பின் அளவை அல்ல, உழைப்பு தரும் செய்தியை. யூ மரத்தின் 50,000-ஆவது கட்டையில் என்ன செய்தி இருக்கிறது?

மூளையின் அளவிலும் இதே விடைதான் வருகிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குழுவினர் குரங்குகளின் டோபமைன் நரம்பணுக்களைப் பதிவுசெய்தார்கள். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது. சாறு வந்தபோது அணுக்கள் சும்மா இருந்தன. எதிர்பார்த்த சாறு வராமல் போனபோது துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே அந்த அணுக்கள் குறிக்கின்றன என்று 1997-இல் ஷுல்ட்ஸ், டயான், மாண்டேகு ஆகியோர் விளக்கினார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் தவறாமல் 175 புள்ளி என்ற ஏற்பாட்டில் வேறுபாடு பூஜ்யம். வடிவமைப்பாளர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் எப்போதாவது கிடைக்கும் அரிய பொருள் ஒன்றை இடையிடையே தூவி வைக்கிறார்கள். அது சலிப்புக்கு மருந்தாகாது. சூதாட்ட இயந்திரத்தின் உத்தியைக் கடன் வாங்கிச் சலிப்பை மறைப்பதுதான்.

பயிற்சியைக் கணினியிடம் ஒப்படைத்தால் விளையாட்டில் என்ன மிஞ்சும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் வெளியிட்ட ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டு அந்தச் சோதனையை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவருகிறது. அதில் திறன் வளர்வது கடிகாரத்தால்தான். எந்தத் திறன் வேண்டும் என்று தேர்ந்தெடுத்துவிட்டால், கணினியை அணைத்துவிட்டுப் போனாலும் பயிற்சி நடந்துகொண்டிருக்கும். ஒரு திறனுக்கு ஐந்து நிலைகள். எளிய திறனுக்கு அவற்றை எட்டத் தேவையான மொத்தப் புள்ளிகள் 250, 1,414, 8,000, 45,255, 2,56,000. கடினமான திறன்களுக்கு இவை சில மடங்கு கூடும். இந்த வரிசையில்தான் வடிவமைப்பின் சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலான திறன்கள் நிலைக்கு இத்தனை சதவீதம் என்று சமமாகவே பயன் கூட்டுகின்றன. ஆகவே நான்காம் நிலையில் இருப்பவருக்கு முழுப் பயனில் 80 சதவீதம் கிடைத்துவிடுகிறது. அவர் செலவிட்ட புள்ளிகளோ மொத்தத்தில் 18 சதவீதத்துக்கும் குறைவு. மணிக்கு 2,000 புள்ளி வீதம் சேர்வதாக வைத்துக்கொண்டால், முதல் நான்கு நிலைகளுக்கு ஒரு நாள் போதும். ஐந்தாம் நிலை ஒன்றுக்கு மட்டும் மேலும் நான்கு நாளுக்கு மேல் ஆகும். ஒரு துறையில் உச்சம் தொடுவதா, பல துறைகளில் நான்காம் நிலையோடு நிறுத்திக்கொள்வதா என்பது உண்மையான முடிவு. உழைப்பு போய்விட்டது, முடிவெடுக்கும் பொறுப்பு தங்கிவிட்டது.

அந்த விளையாட்டு திருத்தப்பட்ட விதமும் கவனிக்கத் தக்கது. தொடக்கத்தில் ஒரு திறன் முடிந்ததும் ஆட்டக்காரரே உள்ளே வந்து அடுத்ததைத் தொடங்கிவைக்க வேண்டியிருந்தது. நடு இரவில் முடியும் பயிற்சிக்காக அலாரம் வைத்து எழுந்தவர்கள் உண்டு. 2009 மார்ச்சில் வரிசை முறை வந்தது. 24 மணி நேரத்துக்குள் தொடங்கும் பயிற்சிகளை அடுக்கிவைக்க முடிந்தது. 2014 நவம்பரில் அந்த 24 மணி நேர வரம்பும் நீங்கியது. இடையில் 2010 டிசம்பரில் வேறொன்றும் நடந்தது. மற்ற திறன்களைச் சீக்கிரம் கற்பதற்காகவே சில 'கற்றல் திறன்கள்' இருந்தன. புதிதாக வந்தவர் முதலில் அவற்றை முடிப்பதே லாபம் என்பதால், ஆட்டத்தில் எதையும் செய்ய முடியாமல் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார். சிசிபி அவற்றை அடியோடு நீக்கி, அவற்றில் செலவான புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்தது. கணினியே செய்யும் பயிற்சியிலும் தேர்வு என்ற ஒன்று இல்லாவிட்டால் அது வெறும் காத்திருப்புதான் என்பதை இந்த நீக்கம் ஒப்புக்கொண்டது.

கஷ்டப்பட்டுப் பெற்றதற்குத்தான் மதிப்பு என்பது அடுத்த ஆட்சேபம். ஆரன்சன், மில்ஸ் இருவரும் 1959-இல் நடத்திய சோதனையில், ஒரு குழுவில் சேரக் கடுமையான சடங்கைக் கடந்த பெண்கள், அக்குழுவின் உப்புச்சப்பற்ற உரையாடலையும் சுவையானது என்று மதிப்பிட்டார்கள். 2012-இல் வெளியான 'ஐக்கியா விளைவு' ஆய்வில், தங்கள் கையால் பொருத்திச் செய்த பெட்டிக்கும் மடித்த காகிதப் பொம்மைக்கும் மக்கள் கூடுதல் விலை கொடுக்க முன்வந்தார்கள். இவை மறுக்க முடியாத முடிவுகள். ஆனால் முதல் சோதனை காட்டுவது உழைப்பு ஒரு பொருளை நல்லதாக்குகிறது என்பதை அல்ல. பட்ட பாட்டை நியாயப்படுத்த மனம் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது என்பதைத்தான். அதை நம்பி ஒரு விளையாட்டைக் கட்டுவது ஆட்டக்காரரின் பலவீனத்தின்மேல் வீடு கட்டுவதாகும். இரண்டாவது ஆய்விலும், வேலையை முடிக்க முடியாதவர்களிடமும், கட்டியதைக் கண்முன்னே பிரித்துப் போட்டபோதும் அந்த விளைவு மறைந்துவிட்டது. முடிவை எட்டும் உழைப்புக்கே மதிப்பு; முடிவு கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும் உழைப்புக்கு அது பொருந்தாது. ரியான், ரிக்பி, பிரிசிபில்ஸ்கி மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, விளையாட்டின் ஈர்ப்பைச் சுயேச்சை, திறமையுணர்வு, பிறரோடு உறவு என்ற மூன்று தேவைகளோடு தொடர்புபடுத்தியது. அந்தப் பட்டியலில் சொடுக்குகளின் எண்ணிக்கை இல்லை.

கடிகாரம் பயிற்சி தந்தால் முன்னால் வந்தவரைப் பின்னால் வந்தவர் எட்டவே முடியாது என்பது இன்னும் கனமான ஆட்சேபம். மொத்தப் புள்ளிகளில் இது உண்மையே. பத்தாண்டு முந்தியவர் பத்தாண்டு முந்தியவர்தான். ஆனால் ஒரு கப்பலை ஓட்டும்போது அந்தக் கப்பலுக்குரிய திறன்கள் மட்டுமே பயன்படுகின்றன. அவை ஒவ்வொன்றும் ஐந்தில் முடிந்துவிடுகின்றன. குறுகிய துறை ஒன்றில் புதியவர் சில வாரங்களில் மூத்தவருக்கு அருகே வந்துவிடலாம். எதிரியின் பெரிய கப்பலைத் தப்ப விடாமல் பிடித்துவைக்கும் சின்னஞ்சிறு கப்பலை ஓட்டுவது புதியவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் வேலை. படைக்கு அது இன்றியமையாததும்கூட. மறுபுறம் பாருங்கள். கைப்பயிற்சி முறையில் முந்துபவர் யார்? நாளுக்குப் பத்து மணி நேரம் ஓய்வாக இருப்பவர். வேலைக்குப் போகிறவரும், குழந்தையைப் பார்த்துக்கொள்பவரும், மணிக்கட்டு வலியால் தொடர்ந்து சொடுக்க முடியாதவரும் அங்கே நிரந்தரமாகப் பின்தங்குவார்கள். கடிகாரம் யாருக்கும் வேகமாக ஓடுவதில்லை.

எல்லாவற்றையும் கணினியே செய்தால் விளையாட எதற்கு ஆள் என்று கேலியும் உண்டு. 2002-இல் எரிக் ஃபிரெட்ரிக்சன் உருவாக்கிய புரோகிரஸ் குவெஸ்ட் இந்தக் கேலியின் உச்சம். கதாபாத்திரத்தை உருவாக்குவதோடு ஆட்டக்காரரின் வேலை முடிந்தது. சண்டை, கொள்ளை, நிலை உயர்வு எல்லாம் தானே நடக்க, அவர் பட்டைகள் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கேலி நிஜமானது. 2016 டிசம்பரில் தென்கொரியாவில் வெளியான லீனியேஜ் 2: ரெவல்யூஷன் போன்ற கைபேசி விளையாட்டுகளில் பணிகளைத் தேடிப் போவதும் சண்டை போடுவதும் ஒரு பொத்தானில் தானாக நடக்கின்றன. இந்தக் கேலியில் இருக்கும் எச்சரிக்கை நியாயமானது. ஆனால் அங்கே கணினியிடம் போனது பயிற்சி மட்டும் அல்ல, ஆட்டமே. ஈவ் ஆன்லைனில் 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற விண்மீன் மண்டலத்தில் சுமார் 21 மணி நேரம் நடந்த போரில் 7,500-க்கும் மேற்பட்ட கதாபாத்திரங்கள் ஈடுபட்டன. டைட்டன் என்ற ராட்சதக் கப்பல்கள் 75 அழிந்தன. அந்த மண்டலத்தின் உரிமைக்கான கட்டணம் ஒன்று கட்டப்படாமல் போனதில் தொடங்கிய போர் அது. அங்கே திரண்டவர்களில் எவரும் தம் கதாபாத்திரத்தின் திறனைச் சொடுக்கிச் சொடுக்கி வளர்த்தவர் அல்லர். அதனால் போரின் சுவை குறையவில்லை. கூட்டணி, துரோகம், கவனக்குறைவு என எல்லாமே மனிதர்கள் செய்ததுதான்.

ஆட்டத்தின் பொருளாதாரம் சீர்குலையும் என்ற அச்சத்துக்கு விடை வேறு இடத்தில் இருக்கிறது. ரூன்ஸ்கேப்பில் ஒரே சொடுக்கில் திறனும் வளர்கிறது, விற்கக்கூடிய கட்டையும் கிடைக்கிறது. இப்படி இரண்டையும் முடிந்துவைத்ததால்தான் பாட்கள் அங்கே தொழிலாகவே பெருகின. 2011 அக்டோபரில் ஒரே வீச்சில் சுமார் 15 லட்சம் பாட் கணக்குகளை முடக்கியதாக அந்த விளையாட்டை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் அறிவிக்கும் அளவுக்குப் போனது. ஈவ் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. கடிகாரம் திறனை மட்டுமே தரும். கனிமம் வேண்டுமானால் ஆள் வந்து தோண்ட வேண்டும். ஆனால் 2016 பிப்ரவரியில் சிசிபியே புதிய முடிச்சு ஒன்றைப் போட்டது. ஒரு கதாபாத்திரத்திலிருந்து 5,00,000 திறன் புள்ளிகளை உறிஞ்சியெடுத்து, சந்தையில் விற்று, வாங்குபவர் தன் கதாபாத்திரத்தில் செலுத்திக்கொள்ளலாம். 8 கோடிக்கு மேல் புள்ளி வைத்திருப்பவருக்கு அதில் 1,50,000 மட்டுமே சேரும் என்று தடுப்பும் வைத்தார்கள். இருந்தும் புள்ளிகளைக் கறப்பதற்காகவே கணக்குகளை வளர்க்கும் பண்ணைகள் முளைத்தன. தானாக வளரும் திறன் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை. அது விலைப்பொருளானபோதுதான் பணப்பை பெரியவருக்கு வழி திறந்தது. பிளிசார்டு 2014-இல் ஒரு கதாபாத்திரத்தை நேரே 90-ஆம் நிலைக்கு ஏற்ற 60 டாலர் வாங்கியபோதும் இதே கேள்வி எழுந்தது. தான் வைத்த சலிப்பைத் தானே காசுக்கு நீக்கித் தரும் நிறுவனத்துக்கு, அந்தச் சலிப்பைக் குறைக்க என்ன அக்கறை இருக்கும்?

மாவரைப்பதே பிடித்தவர்களும் இருக்கிறார்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டு, கை தானாக இயங்க, மனம் ஓய்ந்திருப்பது அவர்களுக்கு இதம். அவர்களிடமிருந்து அதைப் பறிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சுங்கச்சாவடியாக ஆக்காமல் இருந்தால் போதும். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கிறது. விடுதியிலோ நகரத்திலோ கதாபாத்திரத்தை விட்டுவிட்டு வெளியேறினால், ஒவ்வொரு 8 மணி நேரத்துக்கும் ஒரு நிலையின் 5 சதவீத அளவுக்கு ஓய்வுச் சலுகை சேரும், ஒன்றரை நிலைவரை. திரும்பி வந்து எதிரிகளை வீழ்த்தும்போது, அந்தச் சலுகை தீரும்வரை இரட்டிப்பு அனுபவம். கையால் ஆடுபவரும் வளர்கிறார். வெளியே போய் வாழ்ந்தவரும் பெரிதாகப் பின்தங்குவதில்லை.

ஆகவே ஒரு பயிற்சியைத் தானியங்கியாக்கலாமா என்று கேட்கும் வடிவமைப்பாளர் ஒரு சோதனையை வைத்துப் பார்க்கட்டும்: இதை நூறாவது முறை செய்கிறவர், பத்தாவது முறையில் தெரியாத எதையாவது கற்றுக்கொள்கிறாரா? கற்றுக்கொள்கிறார் என்றால் அது விளையாட்டு. மனிதர் கையிலேயே இருக்கட்டும். கற்கவில்லை என்றால் கடிகாரத்திடம் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது மூன்றை மட்டும் கைவிடக் கூடாது. எதைப் பயில்வது என்ற தேர்வு ஆட்டக்காரருடையதாக இருக்க வேண்டும். சேர்ந்த திறனை விற்கவோ வாங்கவோ வழி இருக்கக் கூடாது. புதியவர் எட்டும் தூரத்தில் ஒவ்வொரு திறனுக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும். இவ்வளவும் இருந்தால் 72,900 கட்டைகளைக் கணினியே வெட்டிக்கொள்ளட்டும். அந்த மரத்தில் எதைக் கட்டுவது என்பதற்குத்தான் ஆள் வேண்டும்.